கனகாலம் விட்டுட்டு திரும்பக் கோயிலுக்குப் போறது எப்பிடி

2009 மே மாசத்துக்குப் பிறகு நான் ஏழு வருசம் பூசைக்குப் போகேல்ல. முள்ளிவாய்க்காலால வந்து, செட்டிகுளம் முகாமில இருந்து, பேந்து ஊருக்கு வந்து தகரக்கொட்டில் போட்டு, வீட்டுத்திட்டத்தில வீடும் கட்டி முடிச்சாச்சு, ஆனா ஞாயிற்றுக்கிழமை காலமை கோயில் மணிச்சத்தம் கேட்டால் நான் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போயிடுவன். எங்கட வன்னிப்பக்கம் இப்பிடிக் கனபேர் இருக்கினம். போகோணும் போல கிடக்கு, எப்பிடிப் போறதெண்டுதான் தெரியேல்ல எண்டு கேக்கிறவைக்காக இதை எழுதுறன். நான் கத்தோலிக்கன், அந்த முறையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல்ல கோயிலுக்கு ஓடாதேங்கோ. வீட்டில தனிய இருந்து கடவுளோட கதையுங்கோ, வடிவான செபம் ஒண்டும் தேவையில்லை. நான் ஒருநாள் இரவு கிணத்தடியில இருந்து "என்ர தம்பியை ஏன் விட்டனீர்" எண்டு கேட்டனான், சத்தம் போட்டுத்தான் கேட்டனான். அது பாவம் எண்டு கனநாள் பயந்துகொண்டு இருந்தன். சிலுவையில தொங்கேக்க இயேசுவே ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு கேட்டவர், அது 22ம் திருப்பாடலின்ர முதல் வரி. கடவுளில கோவம் இருக்கெண்டால் அதை ஒளிக்காம அவரிட்டயே சொல்லுங்கோ.

ஆனா துக்கம் வேற, அந்தத் துக்கத்தைச் சாட்டி நாங்கள் செய்தது வேற. இதைப் பிரிச்சுப் பாக்கிறதுதான் கஸ்டம், எனக்கு ரெண்டு மூண்டு கிழமை எடுத்தது. தம்பி போனது என்ர பாவம் இல்லை. குடிச்சது என்ர பாவம், காணிப் பிரச்சினையில அக்காவோட நாலு வருசம் கதைக்காம விட்டது என்ர பாவம். அம்மா செபமாலை சொல்லேக்க நக்கலடிச்சதும்தான். அம்மாவின்ர செபமாலை இடம்பெயரேக்க அறுந்தது, மணி துலைஞ்ச இடங்களில நூலால முடிச்சுப் போட்டு வைச்சிருந்தவ, அந்த முடிச்சிலயும் விரலை வைச்சு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுவா. அதைப் பாத்துத்தான் நான் சிரிச்சனான். பத்துக் கட்டளையையும் ஒவ்வொண்டா எடுத்து யோசிச்சு ஒரு துண்டில எழுதுங்கோ, பாவசங்கீர்த்தனம், அதாவது பாதரிட்டப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது, முடிய அதை அடுப்பில போட்டிடுங்கோ.

பிறகு பாதரிட்டப் போறது. ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிசம் இருக்கேக்க போகாதேங்கோ, பின்னால லைன் நிக்கும், அவசரத்தில பாதி விட்டுப்போகும். ஃபோன் எடுத்து, பாதர் கனகாலத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்யோணும், எப்ப வரலாம் எண்டு கேளுங்கோ. சொந்தப் பங்குக் கோயிலில வெக்கமா இருந்தால் மன்னார்ப்பக்கம் மடுமாதா கோயிலுக்குப் போங்கோ, ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு சனம் வந்து மரங்களுக்குக் கீழ கொட்டில் போட்டுத் தங்கியிருக்கிற நேரம் உங்களை ஆரெண்டும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் அப்பிடித்தான் செய்தனான். முழங்காலில நிண்டு "சுவாமி என்னை ஆசீர்வதியும், நான் பாவி, ஏழு வருசம்" எண்டு சொன்னதோட தொண்டை அடைச்சிட்டுது. பாதர் அவசரமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் பேசாம இருந்தவர். பாவத்துக்கு மனம் வருந்திச் சொல்லுற மனஸ்தாப மந்திரமும் மறந்துபோச்சு, அவர்தான் சொல்லித் தந்தவர். நீங்கள் சொல்லுறதை அவர் ஒருத்தருக்கும் சொல்லேலாது, சொன்னால் திருச்சபைக்கு வெளியில போயிடுவார், அவ்வளவு கடும் சட்டம்.

நான் விட்ட ஒரு பிழையையும் சொல்லோணும். பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் ஒரு ஞாயிறு பூசைக்குப் போய், வாங்கில இருந்த எல்லாரும் எழும்பினதால நானும் போய் நற்கருணை அப்பம் வாங்கிப்போட்டன். அப்பிடிச் செய்யாதேங்கோ. எழும்பாம இருக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை.

கோயிலில கட்டாம பதிவுத் திருமணம் மட்டும் செய்தவை அதை முதலே பாதரிட்டச் சொல்லுங்கோ, கனக்கத் தரம் ஒழுங்குபடுத்தக்கூடிய விசயம்தான், அதுவரைக்கும் பூசைக்குப் போகத் தடையில்லை. வேற சபைக்குப் போயிட்டு வாறவைக்கு திரும்ப ஞானஸ்நானம் தரமாட்டினம், அது வாழ்க்கையில ஒருக்காத்தான்.

பாதர் அபராதமா சொல்லச் சொன்ன செபத்தை அண்டைக்கே சொல்லி முடியுங்கோ. பாரமான வேலை அதுக்குப் பிறகுதான் இருக்கு. பைபிளில வாற வரி அறவிடுற சக்கேயு, ஏமாத்தி எடுத்ததை நாலு மடங்காத் திருப்பிக் குடுக்கிறன் எண்டவர். நாங்களும் குடுக்க வேண்டிய காசைக் குடுக்கோணும், கதைக்காத ஆக்களோட போய்க் கதைக்கோணும். மடுவால வந்த அடுத்தநாள் நான் அக்கா வீட்டை போனன், படலையில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு உள்ள போக ஏலாம நிண்டனான். அவ கண்டிட்டு ஒண்டும் கேக்கேல்ல, தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா. காணிக் கதை இன்னும் முடியேல்ல, ஆனா கதைக்கிறம்.

சனம் "இப்பதான் வழி தெரிஞ்சதோ" எண்டு கேக்கும். ஓம் எண்டு சொல்லுங்கோ, அது உண்மைதானே. இயேசுவின்ர சீடர் பேதுருவும் அவரைத் தெரியாதெண்டு மூண்டுதரம் மறுதலிச்சிட்டு திரும்ப மீன்பிடிக்கத்தான் போனவர், இரவு முழுக்க ஒரு மீனும் படேல்ல, விடியக் கரையில இயேசு நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைச்சுக்கொண்டு சாப்பிட வாங்கோ எண்டவர். முல்லைத்தீவுக் கடற்கரையில மீன்பிடி வாடியில இருந்த ஆக்களுக்கு அந்த விடியக்காலமைப் பசி தெரியும். சாப்பிட்டு முடியத்தான் இயேசு பேதுருவிட்ட என்னில அன்பிருக்கோ எண்டு மூண்டுதரம் கேட்டவர்.

திரும்பியும் விழுவீங்கள். நான் அதுக்குப் பிறகு ரெண்டுதரம் குடிச்சனான், ரெண்டுதரமும் அந்தக் கிழமைக்குள்ளயே பாதரிட்டப் போயிட்டன். அடுத்த கிழமை பாப்பம் எண்டு விடாதேங்கோ, எனக்கு ஏழு வருசம் போனது அப்பிடித்தான்.