வறட்சிக் காலத்தில் வீட்டுத் தண்ணீர்ச் செலவைக் குறைப்பது எப்படி?

அணை வற்றுகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது என்று கேள்விப்பட்டதும் பலரும் முதலில் மூடுவது, பல் துலக்கும்போது திறந்திருக்கும் குழாயைத்தான். நல்லதுதான். ஆனால் கழிவறை, குளியல், துணி துவைப்பது, கண்ணில் படாத கசிவு ஆகிய நான்கிலும் கைவைத்தால்தான் செலவு உண்மையாகவே இறங்கும்.

2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிவறைக்கு எல்லாம் சேர்த்துத்தான் இந்த 50. இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

படி 1: அளந்து பாருங்கள்

மீட்டர் இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். முந்தைய நாள் எண்ணைக் கழித்து, வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். மீட்டர் இல்லாவிட்டால், மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவையும் அதை எத்தனை முறை நிரப்புகிறீர்கள் என்பதையும் வைத்துக் கணக்கிடுங்கள்.

ஷவரைத் தனியாக அளக்க வேண்டும். அடியில் வாளியை வைத்து ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள். 10 லிட்டர் பிடித்தால், ஐந்து நிமிடக் குளியலுக்கு 50 லிட்டர். கேப் டவுனில் ஒருவருக்கான அன்றைய பங்கு அதிலேயே தீர்ந்திருக்கும்! வாளியும் குவளையும் போதும் என்று ஷவரை மூடிவிடுவதே என் பரிந்துரை.

படி 2: கசிவைக் கண்டுபிடியுங்கள்

இரவு படுக்கும் முன் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்குள் மறுபடி பாருங்கள். யாரும் பயன்படுத்தாமலே மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளஷ் டேங்கை. அதில் சில துளி உணவு வண்ணம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கழிவறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அதை மாற்றினாலே சரியாகிவிடும். சொட்டும் குழாயையும் விட்டுவைக்காதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் போய்விடும்.

படி 3: ஃப்ளஷ் அளவைக் குறையுங்கள்

பழைய டேங்குகள் ஒரு முறைக்கு 10 லிட்டர்கூட இழுக்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, மிதவையில் இடிக்காதபடி உள்ளே வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு லிட்டர் மிஞ்சும். செங்கல் வேண்டாம், கரைந்து துகள் அடைத்துக்கொள்ளும். இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய வேண்டி வந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள், லாபமில்லை.

படி 4: ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை

குடிக்கத் தகுந்த தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுவது வறட்சியில் மனசுக்கு ஒப்பாத காரியம். காய்கறி கழுவிய நீர் செடிக்கும், கடைசியாகத் துணி அலசிய நீர் அடுத்த முறை ஊறவைக்கவும், குளித்த நீர் கழிவறைக்கும் போகட்டும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரில் உப்பு அதிகம் என்பதால் அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சோப்பு கலந்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாற்றமெடுக்கும். பச்சையாகச் சாப்பிடும் கீரை, காய்களுக்கு அதை ஊற்றக் கூடாது. வயிற்றுப்போக்கு உள்ளவரின் துணியையோ குழந்தையின் மலத்துணியையோ அலசிய நீரை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

படி 5: செடிகள்

விடிகாலையில் வேரருகே மட்டும் ஊற்றி, மேலே காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள்.

குடிப்பதிலும் கழிவறை போய்வந்து கை கழுவுவதிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிடித்து வைத்த பாத்திரங்களை இறுக மூடுங்கள். டெங்கு பரப்பும் கொசு, நீர்மட்டத்தை ஒட்டிய பக்கச் சுவரில்தான் முட்டையிடும். காய்ந்த பிறகும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.