வெயிட்டட் லேப் பேட்: வீட்டிலேயே தைப்பது எப்படி?

ஆட்டிச நிலையில் உள்ள சில குழந்தைகளுக்கு உடம்பில் ஒரு சீரான, ஆழ்ந்த அழுத்தம் கிடைத்தால் பதற்றம் குறையும். இறுக்கிக் கட்டிப்பிடிக்கச் சொல்லும் குழந்தையும், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொள்ளும் குழந்தையும் பெரும்பாலும் இதைத்தான் தேடுகிறார்கள். மடியில் வைக்கிற எடைப்பை, அதாவது லேப் பேட், அந்த அழுத்தத்தைத் தரும் எளிய பொருள். நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும், ஒரே நாளில் தைத்துவிடலாம்.

எல்லாக் குழந்தைக்கும் இது ஒத்துவராது. தொடுகையையே தாங்காத குழந்தைக்கு எடை இன்னொரு தொந்தரவாகிவிடும். பெரிய பலன்களையும் எதிர்பார்க்க வேண்டாம். 2014ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், எடைப் போர்வையால் ஆட்டிச நிலைக் குழந்தைகளின் தூக்க நேரம் கூடவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் சாதாரணப் போர்வையைவிட அது பிடித்திருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலைகளின்போது கொஞ்சம் நிதானம் தரும் துணை, அவ்வளவுதான்.

யாருக்குக் கூடாது?

3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வலிப்பு, மூச்சுக் கோளாறு, இதயக் கோளாறு, தசைத் தளர்ச்சி, தோலில் உணர்ச்சிக் குறைவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) பார்த்துவரும் குழந்தை என்றால், எடையை அவரிடம் முடிவு செய்துகொண்டு துணியை வெட்டுங்கள்.

எடைக் கணக்கு

உடல் எடையில் 5 சதவீதத்தில் தொடங்குங்கள். 20 கிலோ குழந்தைக்கு 1 கிலோ. 'இன்னும் கனமாக இருந்தால் இன்னும் அமைதியாவான்' என்று நினைத்து ஏற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. குழந்தை ஒரே தள்ளில் தானாக இறக்கி வைக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கணக்கு என்ன சொன்னாலும் அந்த எடை அதிகம்.

துணிக்கும் எடை உண்டு. வெட்டிய துணி எல்லாவற்றையும், மேலுறையும் அதன் ஜிப்பும் உள்பட, சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். அது 120 கிராம் என்றால் நிரப்ப வேண்டியது 880 கிராம். 12 அறைகளுக்குப் பிரித்தால் அறைக்கு 73 கிராம்.

என்ன நிரப்பலாம்?

1 மி.மீ. கண்ணாடி மணிகளே எங்கள் தேர்வு. பிளாஸ்டிக் குருணையைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அடர்த்தி என்பதால் 73 கிராம் ஏறக்குறைய 50 மி.லி. இடத்தில் அடங்கிவிடும், பை தட்டையாக, தொடையின் வளைவோடு படியும். பிளாஸ்டிக் குருணையில் அதே எடைக்கு அறை புடைத்துக்கொள்ளும், அசைந்தால் சரசரக்கும். சத்தத்துக்குக் கூசும் குழந்தைக்கு அந்தச் சரசரப்பே போதும், பையைத் தூக்கி எறிய. தானியம் வேண்டாம்: துவைக்க முடியாது, பூச்சி வரும். மணலின் நுண்தூள் துணி வழியே கசியும்.

தைக்கலாம்

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை முதலில் துவைத்து, காயவைத்து, தேய்த்துவிடுங்கள். பிறகு சுருங்கினால் தையல் இழுக்கும். முடிந்த அளவு 30 × 40 செ.மீ. சுற்றிலும் 1.5 செ.மீ. தையலுக்கு விட்டு 33 × 43 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். கடிக்கிற, சப்புகிற பழக்கம் இருந்தால் நான்கு துண்டு வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து இரட்டைத் துணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து மூன்று பக்கமும் தையுங்கள். 30 செ.மீ. பக்கம் ஒன்று திறந்திருக்கட்டும். பாலியஸ்டர் நூல், 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 2 மி.மீ. அதைவிட நீளமானால் தையல் இடைவெளியில் மணி வெளியே வரும். அதே கோட்டின் மேல் இன்னொரு தையல் போட்டு, பையைத் திருப்புங்கள். திறந்த வாயின் ஓரங்களை 1.5 செ.மீ. உள்ளே மடித்துத் தேயுங்கள்.

சாக்பீஸால் நீளவாக்கில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு வரைந்து, அடியிலிருந்து வாய்வரை தைத்தால் மூன்று குழாய்கள் கிடைக்கும். குறுக்கே 10 செ.மீ.க்கு ஒரு கோடாக மூன்று கோடுகளையும் இப்போதே வரைந்துவிடுங்கள். மணி போட்ட பிறகு நேராக வராது.

இனி நிரப்பல். ஒவ்வொரு குழாயிலும் 73 கிராம் போட்டு, தட்டி அடிக்கு இறக்குங்கள். முதல் குறுக்குக் கோட்டுக்கு 2 செ.மீ. கீழே நெருக்கமாகக் குண்டூசி குத்தி மணிகளுக்கு அணை கட்டுங்கள். பிறகு கோட்டின் மேல் விரலை அழுத்தி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிப் பாருங்கள். ஒரு மணி நெருடினாலும் ஒதுக்கிவிட்டுத்தான் தைக்க வேண்டும். ஊசி கண்ணாடி மணியில் பட்டால் இரண்டும் உடையலாம். அப்படி நடந்தால் அந்த அறையைப் பிரித்து, மணிகளை முழுக்கக் கொட்டி, ஊசித் துண்டைக் காந்தத்தால் தேடி எடுத்து, புது மணி போடுங்கள். கண்ணாடிச் சில்லு உள்ளே இருக்கும் பையைக் குழந்தை மடியில் வைக்கக் கூடாது.

கனம் ஏற ஏறப் பை மேசையிலிருந்து தொங்கி துணியை இழுக்கும், தையல் கோணும், ஊசி வளையும். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி பையைத் தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படியே நான்கு வரிசையும் நிரப்பி முடிந்ததும் வாயை இரட்டைத் தையலால் மூடி, குண்டூசிகளை எண்ணி எடுங்கள்.

மேலுறைக்கு 34 × 44 செ.மீ. இரண்டு துண்டு, குறுகிய பக்கத்தில் ஜிப். துணியைக் குழந்தையே தொட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். நமக்கு மெத்தென்று இருப்பது அவர்களுக்குக் கூசலாம். பட்டன், மணி, லேபிள் எதுவும் வேண்டாம். உள்ளே மூலைகளில் நாடா வைத்துக் கட்டினால் பை நழுவாது.

பயன்படுத்தும் முறை

இரண்டு மூன்று நாள் பை சும்மா கண்ணில் படட்டும், கையில் எடுத்து விளையாடட்டும். பிறகு படம் வரையும்போதோ எழுதும்போதோ மடியில் 5 நிமிடம். பிடித்திருந்தால் 15, 20 நிமிடம்வரை போகலாம். அதற்குமேல் உடம்பு அந்த அழுத்தத்துக்குப் பழகிவிடும், பலன் மங்கும். எடுத்துவிட்டு இடைவெளி கொடுங்கள். மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் குழந்தை கட்டுப்பாட்டை இழக்கும் நிலை, உச்சத்தில் இருக்கும்போது கொண்டுபோய் வைக்காதீர்கள். பதற்றம் தொடங்கும் முன்பே கொடுத்தால்தான் உதவும்.

பேசாத குழந்தை தள்ளிவிட்டாலும், முகம் சிவந்தாலும், வியர்த்தாலும், மூச்சு வேகமானாலும் அது 'வேண்டாம்' என்ற பதில். உடனே எடுங்கள். ஆட்டிச நிலையில் வளர்ந்து கால்நடை அறிவியல் பேராசிரியரான டெம்பிள் கிராண்டின் தனக்காக வடிவமைத்த அழுத்தப் பெட்டியில், அழுத்தத்தைக் கூட்டும் குறைக்கும் பிடி உள்ளே இருப்பவர் கையிலேயே இருந்தது. லேப் பேடுக்கும் அதே விதிதான். தண்டனையாகவோ, ஓடாமல் உட்கார வைக்கவோ இதை வைத்தால் இது கைவிலங்காகிவிடும். முகம், கழுத்து, மார்பு மேல் வைக்கக் கூடாது. தூங்கிவிட்டால் எடுத்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும்.

மேலுறையை வழக்கம்போல் துவைக்கலாம். உள்பையைக் கையால் அலசி, தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். தொங்கினால் எடை முழுதும் தையலை இழுக்கும். வாரம் ஒருமுறை உள்பையை வெள்ளைத் தாளின் மேல் உதறிப் பாருங்கள். ஒரு மணி விழுந்தாலும், தையலைச் சரிசெய்யும்வரை குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.