பாடகர் குழுவின் கிறிஸ்மஸ் விருந்துக்குப் போகிறவர்களுக்கு

மதுரைத் திருச்சபைகள் பலவற்றில் பாடகர் குழுவின் விருந்து கேரல் ஆராதனைக்குப் பிறகு, 25-ஆம் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடும். சிக்கலே அங்கேதான். விருந்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, பண்டிகை அதிகாலையில் வெறும் வாயசைத்து நிற்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. குரலோடு வீடு திரும்பவும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

வீட்டிலிருந்து எத்தனை பேர் என்பதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒரு கிலோ கறி போட்டால் எட்டுப் பத்துப் பேருக்குத்தான் பிரியாணி வரும். சொல்லாமல் நாலு பேரைக் கூட்டிப் போனால் கடைசிப் பந்திக்குக் குஸ்காதான். சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

சீட்டில் வந்தவருக்கு ரகசியமாகப் பரிசு வாங்கும் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் விளையாட்டுக்குச் சீட்டு எடுத்திருந்தால், உங்களுக்கு வந்த பெயரை விருந்து நாள்வரை வெளியே விடாதீர்கள். 200 ரூபாய் என்று பேசியிருந்தால் 200-க்குள் வாங்குங்கள். 600 ரூபாய்ப் பொருள் கொடுத்தால் வாங்குகிறவருக்குத்தான் சங்கடம். டைரியும் காலண்டரும் எப்படியும் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடும். பாடுகிறவருக்கு அரை லிட்டர் பிளாஸ்க், அல்லது பாட்டுத் தாள் வைக்க ஏ4 பைல் நல்லது. விளக்குத்தூண், மாசி வீதிப் பக்கம் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் பண்டிகைக் கூட்டமும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் ஒன்றாகச் சேரும். பெயர்ச்சீட்டைப் பொட்டலத்துக்கு உள்ளேயும் ஒன்று போடுங்கள். வெளியே ஒட்டியது குவியலில் உரிந்துவிடும்.

பலகாரம் கொண்டுபோவதானால் அச்சு முறுக்கு. சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி இறங்கி நமத்துவிடும். முழுக்க ஆறவிட்டு எவர்சில்வர் தூக்கில் அடுக்குங்கள். தூக்கில் பெயர் எழுத மறந்தால் அது திரும்பி வராது.

பாட்டுக்கு வருவோம். முதலில் பாட்டு, அப்புறம் சாப்பாடு; நிகழ்ச்சியை நடத்துகிறவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ஜிகர்தண்டா குடித்த கையோடு பாட எழுந்தால் பாலாடையும் ஐஸ்கிரீமும் தொண்டையில் ஒட்டும். கனைத்துக் கனைத்தே பல்லவி போய்விடும். கனைக்கிற ஒவ்வொரு தடவையும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதுவதுதான் மிச்சம். வெந்நீரை ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள்.

குடும்பத்தாரும் சேர்ந்து பாடும்போது ஆராதனைச் சுருதி ஆகாது. அது பழகிய சொப்ரானோக்களுக்கு, அதாவது உச்சக் குரலில் பாடும் பெண்களுக்கு, வைத்தது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை மைனஸ் 2-க்கு இறக்கினால், அதாவது ஐந்து கட்டைப் பாட்டை நாலு கட்டைக்குக் கொண்டுவந்தால், மேல் சுரத்தில் யாரும் கத்த வேண்டியிருக்காது. பாட்டு முடிந்ததும் அதைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் மறுநாள் ஆராதனையில் குழு முழுக்கச் சுருதி இறங்கித் தொடங்கி, காரணம் தெரியாமல் முழிக்கும்.

பாமாலைக்கு, அதாவது மேல்நாட்டு மெட்டில் பாடும் பாட்டுக்கு, குரல் பிரிவு உண்டு. ஆல்டோ, டெனர், பாஸ் என்ற கீழ்க்குரல் பிரிவுகளைப் பாடுகிறவர்கள் விருந்துதானே என்று மெட்டுக்குத் தாவினால் பாட்டு மொட்டையாகிவிடும். நம்மூர் ராகத்தில் பாடும் கீர்த்தனை அப்படியல்ல, ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பல்லவியை வாங்கிப் பாடினால் போதும். அங்கே போய் ஒத்திசைவு சேர்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், ராகம் கெடும். உடன் வந்த விருந்தினருக்கும் கீர்த்தனைதான் வசதி: தாளம் போட்டாலே கலந்துகொண்ட மாதிரி.

குரலுக்குப் பெரிய கேடு பாட்டு அல்ல, ஸ்பீக்கர் அலறும்போது அதற்கு மேலே பேசுவது. பேச வேண்டுமென்றால் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். மொட்டை மாடி விருந்தானால் பனி இறங்கும். கழுத்துக்கு ஒரு துண்டு வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். கிறிஸ்மஸ் தாத்தா ஆட்டத்தை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள்.

பிரியாணியைத் தின்றதும் படுத்தால் இரைப்பை அமிலம் மேலேறி, காலையில் குரல் கட்டிக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கிளம்பும்முன் சொல்பா தாள்களை, அதாவது டோ-ரே-மி சுரக் குறிப்புத் தாள்களை, பொறுப்பாளரிடம் எண்ணிக் கொடுங்கள். 31-ஆம் தேதி இரவு ஆராதனைக்கு அதில் பாதி மறுபடி தேவைப்படும்.