இளையவர் வேளாண் தொழிலில் இறங்க: முதல் 45 நாள்

இளைஞர்களுக்கு விவசாயத்தில் நாட்டமில்லை என்பது பாதி உண்மைதான். காசு எப்போது வரும், யார் கைக்கு வரும் என்பது தெரியாததே பலரைத் தள்ளி நிறுத்துகிறது. நிலம் பெரியவர் பெயரில், விற்ற பணமும் அவர் கையில், பாடு மட்டும் பிள்ளைக்கு என்றால் யார் தங்குவார்கள்? அதனால் முதல் முயற்சிக்கு நிலமும் தேவைப்படக்கூடாது, அடமானமும் தேவைப்படக்கூடாது.

சிப்பிக்காளான் அதற்குத் தோதானது. படுக்கை, அதாவது வைக்கோலும் வித்தும் அடைத்த பை, போட்டு ஏறக்குறைய 45 நாளில் ஒரு சுற்று முடியும். 20 படுக்கையோடு தொடங்குங்கள்.

வித்து (காளான் பூசணம் வளர்த்த விதை) வாங்கும் முன்பே வாங்குபவரைப் பேசி வையுங்கள். பறித்த காளான் வெளியில் ஒரு நாளிலேயே வாடிவிடும். அப்புறம் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

புது வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவையுங்கள். பிறகு நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அவசரப்பட்டு ஈரத்தோடு அடைத்தால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும்.

60×30 செ.மீ. பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தைச் சுற்றி வித்து என மாறிமாறி நிரப்பி இறுக்கிக் கட்டுங்கள். காற்றுக்குச் சில துளைகள் போதும். 25 டிகிரி வாக்கில் இருட்டறையில் வைத்தால் 15 முதல் 20 நாளில் காளான் பூசணம் படர்ந்து பை முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு பையைக் கீறி, வெளிச்சமும் காற்றும் கொடுத்து, அறையின் ஈரப்பதத்தை 80 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை என்று பொருள். தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை.

பச்சை படர்ந்த பையை அறைக்குள் பிரிக்காதீர்கள். தூரத்தில் கொண்டுபோய்ப் புதையுங்கள்.

கணக்கில் இளையவரின் சொந்தக் கூலியையும் செலவாக எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான், அப்போது நஷ்டம்கூட லாபமாகத் தெரியும். விற்ற பணம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே விழட்டும். வீட்டுச் செலவுக்கு அதில் கைவைக்காதீர்கள், அடுத்த வித்துக்கு முதலீடு அதுதான். 20-ல் மூன்றுக்கு மேல் கெட்டிருந்தால் படுக்கையைக் கூட்டாமல் இன்னொரு சுற்று அதே அளவில் போடுங்கள்.