ஃப்ளைவீல், பேரிங்: கழற்றும்போதும் பொருத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஃப்ளைவீலையோ (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) பேரிங்கையோ (ஷாஃப்ட் எளிதாகச் சுழல உதவும் குண்டு வளையம்) மாற்றும்போது செய்யும் தவறு பெரும்பாலும் அன்றைக்கே தெரிவதில்லை. வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகும். இரைச்சலும் அதிர்வும் சில காலம் ஓடிய பிறகுதான் தலைகாட்டும். தட்டிய அடியோ கொடுத்த அழுத்தமோ படக்கூடாத இடத்தில் பட்டிருப்பதே பல நேரம் அதற்குக் காரணம்.

ஃப்ளைவீல், எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் கூம்பு வடிவ முனையில் கவ்வி நிற்கிறது. நட்டைக் கழற்றிய பிறகும் அது அசையவில்லை என்றதும் விளிம்பில் சுத்தியலால் தட்டினால், உள்ளே பதிந்திருக்கும் காந்தங்கள் விரிசல் விடலாம். தனித்தனிப் பாகங்களை அழுத்திச் சேர்த்துச் செய்யப்பட்ட கிராங்க் என்றால் அதன் நேர்த்தியே குலையலாம். பின்புறம் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்புவதும், மூன்று கால் புல்லரால் (இழுத்துக் கழற்றும் கருவி) விளிம்பைப் பிடித்து இழுப்பதும் இதே வகைத் தவறுகள்தாம். அந்த மாடலுக்கு உரிய, நடுவிலுள்ள மரையில் ஏறும் புல்லரையே பயன்படுத்த வேண்டும். சில புல்லர்களுக்கு மரை இடப்பக்கமாக, அதாவது இடப்பக்கம் திருப்பினால் ஏறுவதாக, இருக்கும் என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏறிய நிலையில் போல்ட்டை முறுக்கினால் மரை உருவிவிடும். அதன்பின் ஃப்ளைவீலைச் சேதமின்றி எடுப்பது பெரும்பாடு. புல்லரைக் கடைசி வரை ஏற்றி, போல்ட்டை இறுக்கி, அந்த போல்ட்டின் தலையில் மட்டும் அளவாக ஒரு தட்டுத் தட்டினால், 'டக்' என்ற ஓசையுடன் பிடி விடும்.

பேரிங்கில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. எஞ்சினின் அலுமினியக் கூடான கேஸுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தையும், ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியே கடந்து, அவை ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரிவதால், ஆயில் சீல்களை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) எடுத்துவிட்டு, கேஸை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியசுக்குச் சீராகச் சூடேற்றினால், குளிரூட்டிய பேரிங் அதிகச் சிரமமின்றி இறங்கும். டார்ச் நெருப்பை ஓரிடத்தில் காட்டினால் கேஸ் வளைந்துவிடக்கூடும். பெட்ரோலில் கழுவிய கேஸை ஈரம் காயும் முன் சூட்டருகே கொண்டுபோகவே கூடாது. கழுவிய பேரிங்கைக் காற்றழுத்தத்தால் சுழற்றி விளையாடுவதும் ஆபத்து. அது சிதறித் தெறிக்கலாம். புதிய பேரிங்கில் உள் இடைவெளியைக் காட்டும் C3 போன்ற குறியீடும் பழையதைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது.

திரும்பப் பொருத்தும்போது கூம்பில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. இரு முகங்களும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். சுழலும் விசையைத் தாங்குவது கூம்பின் பிடிதான். ஷாஃப்டின் பள்ளத்தில் அமரும் சிறு உலோகத் துண்டான கீ, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) சரியான நிலையில் அமைவதற்கே உள்ளது. அது பள்ளத்திலிருந்து நழுவி மேலேறியிருந்தால் ஃப்ளைவீல் முழுதாக உட்காராது. காந்தத்தில் வாஷரோ இரும்புத் தூளோ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டை இறுக்கியபின், கிக்கரைத் தொடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.