அமெரிக்க பெட்ரோல் பம்பில் கார்டு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர் பங்க்கில் மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டி, பெட்ரோல் போட்டு முடித்த பிறகுதான் காசு. அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். ஆளில்லாத பம்பில் முதலில் கார்டு, பிறகுதான் பெட்ரோல். நீங்கள் 20 டாலருக்குப் போடுவீர்களா, 90 டாலருக்கா என்று பம்புக்குத் தெரியாது. அதனால் கார்டு உங்களுடையதுதானா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று முதலிலேயே வங்கியிடம் கேட்டுவிடும். புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான்.

முதல் கேள்வி திரையில் "ஜிப் கோடு" என்று வரும். இதை கார்டின் ரகசிய எண் என்று நினைத்து அடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது கேட்பது, கார்டுக்கு வங்கியில் பதிந்திருக்கும் முகவரியின் ஐந்து இலக்க அஞ்சல் எண். வீடு மாறியவர்கள் வங்கியில் முகவரியை மாற்றாமல் புது வீட்டின் ஜிப் கோடை அடித்தால் கார்டு நிராகரிக்கப்படலாம். இந்திய கார்டில் சிக்கல் இன்னும் பெரிது. நம் பின்கோடு ஆறு இலக்கம், பம்பு ஏற்பதோ ஐந்து. அங்கே தங்கியிருக்கும் வீட்டின் ஜிப் கோடு சில பம்புகளில் வேலை செய்துவிடும், பலவற்றில் செய்யாது. ஒருமுறைக்கு மேல் முயலாதீர்கள். தொடர்ந்து தவறாக அடித்தால் மோசடி என்று நினைத்து வங்கி கார்டையே முடக்கிவிடக்கூடும். பிறகு ஹோட்டலிலும் அது ஓடாது.

அப்போது செய்ய வேண்டியது எளிது. பம்பின் எண்ணைப் பார்த்துக்கொண்டு பங்க்கோடு சேர்ந்த கடைக்குள் போய், "ஏழாம் பம்பு, 35 டாலர்" என்று சொல்லி முன்பணம் கட்டுங்கள். 14 கேலன் டேங்கில் கால்வாசி மிச்சம் இருந்தால் சுமார் 10 கேலன் பிடிக்கும். கேலன் மூன்றரை டாலர் என்றால் 35 டாலர் கணக்கு சரி. ஒரு கேலன் என்பது 3.785 லிட்டர். ரொக்கமாகக் கொடுத்து டேங்க் முன்னதாகவே நிரம்பிவிட்டால், மீதியை வாங்க மறுபடி உள்ளே போக வேண்டும். பலர் மறந்து கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு உங்களைக் கேட்காமலேயே விடை எடுக்கப்படுகிறது. பம்பு ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைக்கிறது, அதாவது ஹோல்டு. சில இடங்களில் 1 டாலர், சில இடங்களில் 100. விசாவும் மாஸ்டர்கார்டும் இதற்கான உச்சவரம்பை 2022இல் 125 டாலரிலிருந்து 175 டாலராக உயர்த்தின. நீங்கள் 30 டாலருக்குப் போட்டாலும் கணக்கில் 175 டாலர் முடங்கலாம். இது செலவு இல்லை, பூட்டு மட்டுமே. ஆனால் பூட்டு திறக்கச் சில மணி நேரமாகலாம், சில வங்கிகளில் இரண்டு மூன்று நாளும் ஆகலாம். கிரெடிட் கார்டில் இது உறைக்காது. டெபிட் கார்டில், கணக்கில் 200 டாலர் மட்டும் இருக்கும் மாணவருக்கு, மறுநாள் ஃபோன் பில் தானாகக் கழியும்போது பணம் போதாது. ஊரிலிருந்து ஃபாரெக்ஸ் ப்ரீபெய்ட் கார்டு (முன்பே டாலர் ஏற்றிய கார்டு) கொண்டுவருகிறவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே அந்தக் கார்டைப் பம்பில் நேரடியாகப் போடவே வேண்டாம், கடைக்குள் சரியான தொகை சொல்லிக் கட்டுங்கள். இந்திய கார்டுக்கு 175 டாலர் போனதாகக் குறுஞ்செய்தி வந்தால் பதறி உடனே புகார் கொடுக்காமல், இறுதித் தொகை வரும்வரை ரசீதோடு காத்திருங்கள்.

பெரிய வேனுக்கு நிரப்பும்போது பம்பு பாதியில் நின்றால் பழுது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பங்க் வைத்திருக்கும் உச்சத்தொகையைத் தொட்டிருக்கும். நாசிலை, அதாவது பெட்ரோல் வரும் குழாயின் முனையை, அதன் இடத்தில் மாட்டிவிட்டு மறுபடி கார்டு போட்டு மீதியை நிரப்பலாம்.

கார்டைச் செருகிச் சட்டென்று உருவுவது பழைய பழக்கம். காந்தப் பட்டை மட்டும் இருந்த காலத்தில் அது சரி. சிப் கார்டை, எடுக்கச் சொல்லித் திரை சொல்லும்வரை உள்ளேயே விட வேண்டும். முன்னால் இழுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். "கிரெடிட்டா, டெபிட்டா" என்று கேட்டால், வெளிநாட்டு டெபிட் கார்டுக்கும் பெரும்பாலும் கிரெடிட் என்று அழுத்தினால்தான் நகரும். ரிவார்டு கார்டு, கார் வாஷ் கேள்விகளுக்கு "நோ" போதும். யோசித்துக்கொண்டே நின்றால் நேரம் முடிந்து திரை பழைய நிலைக்குப் போய்விடும்.

திருட்டு விஷயத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்டு விவரத்தைத் திருடும் ஸ்கிம்மர் இரண்டு விதம். ஒன்று கார்டு செருகும் வாய்மேல் ஒட்டப்படுவது. விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஆடினால் அந்தப் பம்பு வேண்டாம். மற்றது பம்பின் கதவைத் திறந்து உள்ளே வைக்கப்படுவது, வெளியிலிருந்து தெரியாது. அதற்காகவே பல பங்க்குகளில் கதவின் விளிம்பில் எண்ணிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைப் பிரித்தால் "வாய்டு" (செல்லாது) என்ற எழுத்து மேலே வந்துவிடும். ஸ்டிக்கர் கிழிந்தோ, பக்கத்துப் பம்பில் உள்ளதைப்போல் இல்லாமலோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள். காசாளரின் கண்ணில் படும் பம்பே நல்லது. கார்டையோ ஃபோனையோ தட்டிக் கட்ட முடிந்தால் அதுவே மேல், காந்தப் பட்டை உள்ளேயே போகாது. எந்தப் பம்பிலும் டெபிட் கார்டின் ரகசிய எண்ணைக் கொடுக்காமல் இருப்பது உத்தமம். அமெரிக்க கிரெடிட் கார்டில் திருட்டு நடந்தால் சட்டப்படி உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட்டில் போவது உங்கள் சொந்தப் பணம், வங்கி விசாரித்துத் திருப்பித் தரும்வரை கையில் இருக்காது.

போட்டு முடித்ததும் நாசிலை நீங்களே அதன் இடத்தில் மாட்டுங்கள். மாட்டினால்தான் கணக்கு மூடும். "நான் மாட்டிவிடுகிறேன்" என்று யாராவது வந்தால் விடாதீர்கள். அதை மாட்டாமல், உங்கள் கார்டிலேயே அடுத்த வண்டிக்கும் பெட்ரோல் போடும் ஏமாற்று அங்கே உண்டு.

ஊரிலிருந்து கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதியால் 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் அது அணைந்தே வருகிறது. நெவாடா, மொன்டானா போன்ற மாநிலங்களின் ஒதுக்குப்புறங்களில் இரவில் கடை மூடியிருக்கலாம், பம்பு மட்டும் ஓடும். அங்கே உங்கள் கார்டை ஜிப் கோடு தடுத்தால் முன்பணம் வாங்க ஆள் கிடையாது. அந்தப் பக்கம் போகும்போது பாதி டேங்க் இருக்கும்போதே, கடை திறந்திருக்கும் பகலில், நிரப்பிக்கொள்ளுங்கள்.