மலை ஏறுகிறவர்கள் இறங்குவதை யோசிப்பதில்லை

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் பீடோரில் பாதித் தோட்டம் கேமரன் மலைக்குத்தான் கிளம்பும். தாப்பா நமக்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால்தான் அந்த மலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அந்தப் பாதையில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன் நான். புதிதாகக் கார் வாங்கிக் குடும்பத்தோடு மேலே போகிற தம்பிகள் வருஷா வருஷம் அதே தப்புகளைச் செய்கிறார்கள். குடை எடு, சுவெட்டர் எடு என்பதை அவரவர் வீட்டு அம்மாக்களே சொல்லிவிடுவார்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

பசியாறிவிட்டுக் கிளம்புவது

விடுமுறை நாளில் எட்டு மணிக்குப் பசியாறி, ஒன்பதுக்குக் கிளம்பினால், தானா ராத்தாவுக்கு மேலே இருக்கும் பிரிஞ்சாங் தாண்டும்போதே ஜாம் பிடித்துவிடும். பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் சந்தைவரை ஸ்ட்ராபெரிக்கு ஒரு கார் நிற்கும், சோளத்துக்கு ஒரு கார் நிற்கும், பின்னால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். இருட்டு பிரியும் முன்னே தாப்பாவைத் தாண்டிவிடுங்கள். வழியில் எங்கும் இறங்காமல், தூரத்தில் இருக்கும் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் கியா ஃபார்முக்கும் முதலில் போய்விடுங்கள். அப்புறம் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில், தானா ராத்தா, ரிங்லெட் என்று கீழ்நோக்கி வாருங்கள். கூட்டம் மேலே ஏறும் நேரத்தில் நீங்கள் எதிர்த்திசையில் இருப்பீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு நாசி லெமாக்கும் தே தாரேக்கும் வயிறு முட்டக் கொடுத்துவிட்டு வளைவில் ஏற்றாதீர்கள். பாதி வழியில் எல்லாம் வெளியே வந்துவிடும். காய்ந்த ரொட்டி போதும், மேலே போய்ச் சாப்பிடலாம்.

திங்கட்கிழமை

‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் நிலையம் வழக்கமாகத் திங்களில் மூடியிருக்கும். விடுமுறைக் காலத்தில் திறப்பார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். தாப்பா ஏறக்குறைய சமவெளி. அவ்வளவு உயரத்தையும் அந்த 60 கிலோமீட்டருக்குள் இறங்கியாக வேண்டும். ஆட்டோ கியரை ‘டி’யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி வந்தால், வண்டியின் வேகம் மொத்தமும் சூடாக மாறிச் சக்கரத்தில் இருக்கும் பிரேக் தகட்டிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலும்தான் போய் உட்காரும். கொஞ்ச தூரத்தில் கருகிய வாடை வரும். அதற்கு மேல் மிதித்தாலும் பேட் பிடிக்காமல் வழுக்கும். பெடலை மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் எண்ணெய் வேறு இருக்கிறது. டாட் 3 என்ற வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கத் தொடங்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய எண்ணெய் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி தரையோடு அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இஞ்சினுக்குக் கறுப்பு எண்ணெய் மாற்றுகிற பட்டறையில் இதையும் கேளுங்கள்.

போன வருஷக் கடைசியில் லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் பக்கத்தில் ஒரு மைவி கார் ஓரங்கட்டி நின்றது. முன்சக்கரம் இரண்டிலும் புகை. உள்ளே பாட்டி, மூன்று பிள்ளைகள், பின்னால் கண்ணாடி மறைக்கும் அளவுக்கு முட்டைக்கோஸும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். அப்பா தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு சக்கரத்தில் ஊற்றப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கொதிக்கிற தகட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசல் விடவும் செய்யும். “அண்ணே, நான் வேகமாவே வரலையே, மேலேருந்து பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதானே வந்தேன்” என்றார். பாவம், ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துத்தான் அப்படி வந்திருக்கிறார். இந்தத் தப்பைச் செய்கிறவர்களில் முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்களைவிடப் பயந்து ஓட்டுகிறவர்களே அதிகம். ஆறவிட்டுப் பார்த்தும் பெடல் சரியாக வரவில்லை. இழுவை லோரி வந்து தாப்பாவுக்கு இழுத்துப் போனது. தகடும் பேடும் எண்ணெயும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. போனஸ் பணம் அதிலேயே போயிருக்கும்.

சரி, எப்படி இறங்குவது? ஆட்டோ காரில் கியர் ஏது என்று கேட்கிறார்கள். இருக்கிறது. சில வண்டிகளில் ‘எல்’, ‘டூ’ என்று இருக்கும், சிலவற்றில் ‘எஸ்’ அல்லது ‘பி’. ரிங்லெட்டை விட்டதுமே அதில் போட்டுவிடுங்கள். மேனுவல் காராக இருந்தால் ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதற்கு மேல் வேகம் கூடினால் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். தகடு ஆறுவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்து அனுப்பினால், முதல் வளைவிலேயே மறுபடி ‘டி’க்கு மாற்றிவிடுகிறார்கள். “இஞ்சின் கத்துதுண்ணே, உடைஞ்சிடும்” என்பது ஒரு காரணம். மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தத்தால் ஒன்றும் ஆகாது. பெட்ரோல் வீணாகும் என்பது இன்னொரு காரணம். இப்போதைய இஞ்செக்‌ஷன் கார்களில் காலை எடுத்துவிட்டுக் கியரில் இறங்கும்போது பெட்ரோல் போவதையே நிறுத்திவிடும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நியூட்ரலில் இஞ்சின் வண்டியைப் பிடிக்காது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஈப்போ பக்கம் இறங்கும் சிம்பாங் பூலாய் வழியாக வந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். பாதை அகலம், வளைவும் குறைவு, அதனாலேயே தெரியாமல் வேகம் ஏறும். 2010 டிசம்பர் 20 அன்று தாய்லாந்துப் பயணிகளோடு அந்த வழியில் இறங்கிய இரண்டு மாடிப் பேருந்து கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதுவும் ஆண்டிறுதி விடுமுறைதான்.

தீபாவளி மழை

தீபாவளி வருவதே அக்டோபர், நவம்பரில். மலையில் அடைமழைக் காலம். 2013 அக்டோபர் 23 அதிகாலை, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு ரிங்லெட் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்கள் போயின. மழை விடாமல் பெய்தால் மண் சரியும், பாதையை மூடுவார்கள். கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆற்றோரத்தில் அறை எடுக்காதீர்கள். வானம் கறுத்துவிட்டால் அருவியில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

பார்க்காத ஹோம்ஸ்தேக்கு முழுப் பணம்

கூடாது. தங்கப்போகும் வீட்டின் படத்தை மட்டும் பார்த்து முழுப் பணத்தையும் போடாதீர்கள்.

காய்கறி மூட்டை

மலிவாக இருக்கிறதே என்று கார் பின்பக்கம் தாழும்வரை ஏற்றுகிறார்கள். கீழே இழுக்கிற எடையில் அதுவும் சேர்த்தி. ஆள் நிறைந்த காரில் இரண்டு பைக்கு மேல் வேண்டாம். அண்டை வீட்டு அக்கா கோஸ் கேட்டிருந்தால் பீடோர் சந்தையிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அங்கே இருப்பதில் பாதி கேமரனிலிருந்து லோரியில் வந்ததுதான்.

நாலு மணிக்கு மேலே எதையும் பார்க்க நிற்காதீர்கள். இருட்டில், பனிமூட்டத்தில், அன்று முழுக்க ஓட்டிக் களைத்த கையோடு அந்த வளைவுகளில் இறங்க வேண்டாம். நேரமாகிவிட்டால் மேலேயே தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள்.